விற்றமின் டி போத்தல் வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைத் திருப்புங்கள்

களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் மாமிக்கு முழங்கால் நோ. பார்க்கப் போன அன்று தேத்தண்ணி வைத்த மேசையிலேயே நாலு வகைச் சத்து மருந்து வரிசையாக இருந்தது. கட்டாரிலிருந்து மகன் கொடுத்தனுப்பிய 5000 ஐ.யூ (விற்றமினை அளக்கும் சர்வதேச அலகு) விற்றமின் டி3 போத்தல், டவுன் பார்மசியில் வாங்கிய கல்சியம் குளிசை அட்டை, பக்கத்து வீட்டு அக்கா சொன்னாவென்று எடுத்த கொட் லிவர் ஒயில், அப்புறம் பேத்தி தின்னாமல் விட்ட கம்மி மிட்டாய் ஒரு டப்பா. நாலையும் மாமி ஒழுங்காகப் போடுகிறா. "எல்லாம் சத்துக் குளிசைதானே மனே, கூடினா என்ன செய்யப் போகுது?" என்று கேட்டா.

அங்கேயே ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். போத்தலில் 5000. கல்சியம் குளிசை ஒன்றில் 250, காலையும் இரவும் இரண்டு, அது 500. கொட் லிவர் இரண்டு குளிசைக்கு 400. கம்மி இரண்டுக்கு 800. மொத்தம் 6700 ஐ.யூ. டொக்டர் பார்வையில்லாமல் ஒரு பெரிய ஆள் நாளாந்தம் எடுக்கக்கூடிய மேல் எல்லை 4000. இதுக்கு மேலே மாமி கிளினிக்கில் கொடுக்கும் 'தண்ணி போற' பிரஷர் குளிசையும் (ஹைட்ரோகுளோரோதயசைட்) போடுகிறா. அந்த வகைக் குளிசை உடம்பில் கல்சியத்தைத் தேக்கும், விற்றமின் டியும் கல்சியத்தைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று அந்த நாலு போத்தலில் ஒன்றும் முன்பக்கத்தில் சொல்லவில்லை.

நான் டொக்டர் இல்லை. மட்டக்களப்பு டவுனில் ஒரு பார்மசியில் ஐந்து வருடம் பில் போட்டவன், அவ்வளவுதான். ஆனால் ஆட்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள் என்று அந்த ஐந்து வருடமும் பார்த்தேன்: படம், நாட்டின் பெயர், பெரிய இலக்கம், விலை. குளிசைக்குள் என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கடைக்குப் போக முன்: உங்களுக்கு இது வேண்டுமா?

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. பூமத்திய ரேகையிலிருந்து எட்டுப் பாகைக்குள் இருக்கிறோம், வருடம் முழுக்க உச்சிவெயில். தோலில் வெயில் பட்டால் உடம்பு தானே விற்றமின் டி செய்துகொள்ளும். அப்படியிருந்தும் ஏன் குறைகிறது என்றால், வெயில் ஊரில் இருக்கிறது, நம் தோலில் இல்லை. காலையில் ஒபிஸுக்குள் போய் பொழுதுபட வெளியே வருகிறவர், முழுக்க மூடி உடுப்பவர், கறுத்துப் போவோம் என்று நீளக்கையும் கையுறையும் போட்டு ஸ்கூட்டி ஓடுகிற பிள்ளைகள், கட்டிலோடு கிடக்கிற வயசாளிகள் எல்லாருக்கும் கதை ஒன்றுதான். ஜன்னல் கண்ணாடிக்குள்ளால் வருகிற வெயிலிலும் வேலையில்லை, தேவையான கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். தோல் கறுப்பாக இருந்தால் அதே அளவு செய்ய அதிக நேரம் பிடிக்கும். வயது போனால் தோலின் அந்தத் திறனும் குறையும். உடம்பு பருத்தவர்களுக்கு இரத்தத்தில் அளவு குறைவாகக் காட்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை கும்பளா, சூரை, சாளை மாதிரிக் கொழுப்புள்ள மீனில்தான் குறிப்பிடத்தக்க அளவு கிடைக்கும். வாவி இறாலும் நண்டும் ருசிக்கு நல்லது, விற்றமின் டிக்கு அவற்றை நம்ப வேண்டாம். ஒரு முட்டை மஞ்சள் கருவில் கிட்டத்தட்ட 40 ஐ.யூ, அவ்வளவுதான்.

குறைவா இல்லையா என்று பார்க்க இரத்தப் பரிசோதனை உண்டு, பெயர் 25 ஹைட்ரொக்சி விற்றமின் டி. ஆரோக்கியமாக இருக்கிற எல்லாரும் காசு கொடுத்து இதைச் செய்யத் தேவையில்லை என்று அமெரிக்காவின் எண்டோக்ரைன் சங்கமே (ஹோர்மோன் டொக்டர்களின் அமைப்பு) 2024 வழிகாட்டியில் சொல்லிவிட்டது. எலும்பு நோ, அடிக்கடி முறிவு, கிட்னி அல்லது ஈரல் வருத்தம், நீண்டகால ஸ்டெரொயிட், வலிப்புக் குளிசை என்று காரணம் இருந்தால் டொக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். ரிப்போட் வந்ததும் இலக்கத்துக்கு முன் அலகைப் பாருங்கள். ஒரு லேப்பில் 18 என்று வரும், இன்னொன்றில் 45 என்று வரும், ஆள் குழம்பிப் போவார். முதலாவது ஒரு மில்லிலீற்றருக்கு நனோகிராம், இரண்டாவது ஒரு லீற்றருக்கு நனோமோல். முதலாவதை 2.5 ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். ஆக இரண்டும் ஒரே முடிவுதான். பெரும்பாலானவர்களின் எலும்புக்கு 20 நனோகிராம், அதாவது 50 நனோமோல் போதும் என்பது அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஒஃப் மெடிசின் நிறுவனத்தின் கணக்கு. 12 நனோகிராமுக்குக் கீழே போனால்தான் உண்மையான குறைபாடு.

இன்னொன்று. இதைப் போட்டால் ஹார்ட் அட்டாக் வராது, புற்றுநோய் வராது என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நாளுக்கு 2000 ஐ.யூ கொடுத்துச் செய்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2018இல் வந்தது: புற்றுநோயும் குறையவில்லை, இதய நோயும் குறையவில்லை. குறைபாடு உள்ளவருக்கு இது மருந்து. இல்லாதவருக்கு பெரும்பாலும் விலை கூடிய பழக்கம்.

இலக்கமும் அலகும்

வேண்டும் என்று முடிவாகிவிட்டது என்று வைப்போம். கையில் எடுத்ததும் பின்பக்கம். ஒரு குளிசையில் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி, அங்கேதான் முதல் குழப்பமும்.

சிலவற்றில் ஐ.யூ என்று போட்டிருக்கும், சிலவற்றில் எம்.சி.ஜி, அதாவது மைக்ரோகிராம். சில ஐரோப்பியப் போத்தல்களில் கால் நீண்ட யூ மாதிரி ஒரு எழுத்தும் பக்கத்தில் ஜியும் இருக்கும், அதுவும் மைக்ரோகிராம்தான். 40 ஐ.யூ ஒரு மைக்ரோகிராம், இதை மட்டும் மனப்பாடம் பண்ணுங்கள். 10 மைக்ரோகிராம் 400 ஐ.யூ. 25 என்றால் 1000. 50 என்றால் 2000. 125 என்றால் 5000. '1000' என்ற போத்தலைப் பெரிது என்று எடுத்து '50' என்ற போத்தலைச் சின்னது என்று வைத்துவிட்டுப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். பின்னதில்தான் இரண்டு மடங்கு.

பக்கத்தில் போட்டிருக்கும் வீதத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அமெரிக்க லேபல் நாளுக்கு 800 ஐ.யூவை நூறு வீதம் என்று எடுக்கிறது, பிரித்தானிய லேபல் 200ஐ எடுக்கிறது. அதனால் ஒரே 1000 ஐ.யூ குளிசை அமெரிக்கப் போத்தலில் 125 வீதம், லண்டனிலிருந்து வந்த போத்தலில் 500 வீதம். லண்டன் சாமான் நாலு மடங்கு பலம் என்று ஒருத்தர் என்னோடு சண்டையே பிடித்தார்.

அப்புறம் 'சேர்விங்' என்ற வரி. பெரிய எழுத்தில் 800 என்று இருக்கும், சின்ன எழுத்தில் 'இரண்டு கம்மிக்கு' என்று இருக்கும். அறுபது கம்மி இரண்டு மாதம் வரும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள், ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

எவ்வளவு தேவை? அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஒஃப் மெடிசின் 2010இல் போட்ட அளவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஒரு வயதிலிருந்து 70 வரை நாளுக்கு 600 ஐ.யூ, அதுக்கு மேலே 800, கைக்குழந்தைக்கு 400. மேல் எல்லை பெரியவர்களுக்கு 4000, முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 1000. பரிசோதனையில் குறைவு என்று வந்து டொக்டர் எழுதித் தந்தால் அது வேறு, அவர் சொன்ன அளவுதான். அவர் எழுதாமல் சும்மா எடுப்பவருக்கு 600 முதல் 1000 வரை தாராளம், 5000 தேவையே இல்லை.

குழந்தைத் துளி மருந்து இங்கே ஆகப் பயப்பட வேண்டிய சாமான். சில போத்தலில் ஒரு துளி 400 ஐ.யூ, சிலவற்றில் ஒரு மில்லிலீற்றர் 400 ஐ.யூ. ஒரு மில்லிலீற்றருக்குள் இருபது முப்பது துளி இருக்கும். துளிக் கணக்குப் போத்தலைப் பழைய போத்தலின் டிரொப்பரால் ஒரு மில்லிலீற்றர் இழுத்துக் கொடுத்தால் பிள்ளைக்குப் போவது 8000க்கும் மேல். 2010இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த டிரொப்பர் விசயத்துக்கென்றே எச்சரிக்கை விட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த துளி மருந்தை மிட்வைஃபிடமோ டொக்டரிடமோ போத்தலோடு கொண்டுபோய்க் காட்டாமல் கொடுக்க வேண்டாம்.

டி2, டி3, அப்புறம் தொடக்கூடாத ஒன்று

அடுத்த வரி எந்த வகை என்பது. டி3 என்றால் கொலிகல்சிபெரோல். டி2 என்றால் எர்கோகல்சிபெரோல். இரத்தத்தில் அளவை உயர்த்துவதிலும் அதைத் தக்க வைப்பதிலும் டி3 மேல். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் டி3 எடுங்கள். சில லேபல்கள் வெறுமனே 'விற்றமின் டி' என்று போட்டு நழுவும், பொருள் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள்.

டி3 பெரும்பாலும் செம்மறி ஆட்டு மயிரில் இருக்கும் லனொலின் என்ற கொழுப்பிலிருந்து வருகிறது. ஆட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றில்லை, ஆனாலும் முழுச் சைவக்காரருக்கு மனம் ஒப்பாது. அவர்களுக்கு பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வளரும் லைக்கனிலிருந்து செய்யும் டி3 இருக்கிறது, விலை கூட. டி2 ஈஸ்ட்டிலிருந்தோ காளானிலிருந்தோ வருவதால் அதுவும் சைவம்தான்.

தொடக்கூடாதது அல்பகல்சிடோல், கல்சிட்ரையோல் என்ற இரண்டும். கிட்னி வருத்தக்காரருக்கு டொக்டர் எழுதிக் கொடுப்பது. கிட்னி செய்ய வேண்டிய வேலையை முன்கூட்டியே செய்து வைத்த, செயற்பாட்டு வடிவம். அட்டையில் 0.25 மைக்ரோகிராம் என்று இருக்கும். மேலே சொன்ன நாற்பது கணக்கை இதற்குப் போட்டால் பத்து ஐ.யூ என்று வரும், சின்ன அளவுதானே என்று தோன்றும். அந்தக் கணக்கு இதற்குப் பொருந்தாது. இந்த அளவே பலமான மருந்து, இரத்தக் கல்சியத்தை வேகமாக ஏற்றும். அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டிய போன்ற பக்கங்களில் கிட்னி வருத்தம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும், இந்த அட்டை பல வீட்டில் இருக்கும். அப்பாவின் அட்டையிலிருந்து அம்மா ஒன்று எடுத்துப் போடுவது நடக்கிற காரியம். விற்றமின் டிதானே என்று நினைத்துத்தான் போடுகிறார்கள்.

சின்ன எழுத்துப் பட்டியல்

பொருள் பட்டியலில் மருந்தைத் தவிர மீதி எல்லாம் சுமக்கிற சாமான். பெரும்பாலானவற்றுக்குப் பயப்படத் தேவையில்லை, சிலவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மென்மையான கப்ஸ்யூல் என்றால் உள்ளே எண்ணெய். ஒலிவ், சோயா, தேங்காயிலிருந்து எடுக்கும் எம்.சி.டி எண்ணெய், எதுவானாலும் சரி. 'அரக்கிஸ் ஒயில்' என்று கண்டால் அது கச்சான் எண்ணெய். கச்சான் ஒவ்வாதவர் வீட்டில் இருந்தால் அந்தப் போத்தல் வேண்டாம்.

வெளித்தோல் ஜெலட்டின். இதுதான் காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, நிந்தவூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, கேட்கவும் வேண்டும். போவைன் என்றிருந்தால் மாடு, போர்சைன் என்றிருந்தால் பன்றி. ஒன்றும் போடாமல் வெறும் ஜெலட்டின் என்று மட்டும் இருந்தால் தெரியாது என்றுதான் அர்த்தம், கடைக்காரர் 'பிரச்சினை இல்லை' என்று சொல்வது ஆதாரம் இல்லை. ஹலால் முத்திரையைப் பாருங்கள், அல்லது எச்.பி.எம்.சி என்று போட்ட தாவரக் கப்ஸ்யூலை எடுங்கள், அல்லது பட்டியலில் ஜெலட்டின் இல்லை என்று பார்த்துச் சாதாரண அழுத்திய குளிசையை எடுங்கள். அழுத்திய குளிசை பெரும்பாலும் மலிவும்கூட. மாட்டிறைச்சி தொடாத இந்துக்களுக்கும் தாவரக் கப்ஸ்யூலோ ஜெலட்டின் இல்லாத குளிசையோதான் வழி, ஹலால் முத்திரை மாடு இல்லை என்று சொல்லாது.

மக்னீசியம் ஸ்டியரேட், மைக்ரோகிரிஸ்டலைன் செலுலோஸ், சிலிக்கா: குளிசை உடையாமலும் இயந்திரத்தில் ஒட்டாமலும் இருக்கப் போடுவது, துளி அளவு. இவற்றை நஞ்சு என்று வட்சப்பில் சுற்றவிடுபவர்களை அப்படியே கடந்து போங்கள். டைட்டானியம் டயொக்சைட் வெள்ளை நிறத்துக்கு. ஐரோப்பா 2022இல் அதை உணவில் தடை செய்தது, மருந்தில் இன்னும் அனுமதி உண்டு. ஒரே விலையில் அது இல்லாத போத்தல் கிடைத்தால் அதை எடுப்பேன், அதுக்காக அலையமாட்டேன்.

பெரும்பாலான கம்மியில் முதல் இரண்டு பொருளே சீனியும் குளுக்கோஸ் பாணியும்தான். சீனி வருத்தக்காரர் சத்துக்கென்று நாளுக்கு இரண்டு மிட்டாய் தின்பதில் என்ன நியாயம்?

கூடச் சேர்த்திருப்பவை

இங்கேதான் விலை ஏறுகிறது. டி3 செய்வது மலிவு. அதனால் போத்தல் விலையைக் கூட்ட வேண்டுமானால் கூட ஏதாவது சேர்க்க வேண்டும்.

இப்போது பாஷன் கே2. கல்சியத்தை எலும்புக்குக் கொண்டுபோகும் என்று அழகாகப் படம் போட்டிருப்பார்கள். சாதாரண ஆளுக்கு டியோடு கே2 சேர்த்தே ஆக வேண்டும் என்று சொல்ல உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனால் வோபரின் குளிசை போடுகிறவர் — வால்வு மாற்றியவர், இரத்தக்கட்டி வந்தவர் — விற்றமின் கே உள்ள எதையும் டொக்டருக்குத் தெரியாமல் எடுக்கக்கூடாது. இரத்தம் மெலிய வைக்கிற அந்தக் குளிசையின் வேலையை இது கெடுக்கும். கே2 போத்தல் வாங்கிய எத்தனை பேரிடம் இதைக் கடையில் கேட்டிருப்பார்கள்?

கல்சியம் சேர்ந்ததென்றால் இலக்கத்தைக் கவனமாக வாசியுங்கள். 'கல்சியம் காபனேற் 1250 மில்லிகிராம்' என்றால் உள்ளே இருக்கும் கல்சியம் 500தான், நூற்றுக்கு நாற்பது. சிற்றேற்றில் 21 வீதம், கிளினிக்கில் தரும் லக்டேற்றில் 13 வீதம். காபனேற்றைச் சாப்பாட்டோடு போட வேண்டும். தைரொக்சின் குளிசை போடுபவர் கல்சியத்துக்கும் அதுக்கும் இடையில் நாலு மணித்தியாலம் விட வேண்டும். இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்க வேண்டாம்.

கொட் லிவர் ஒயிலில் விற்றமின் டியோடு விற்றமின் ஏயும் வரும். கர்ப்பிணிகளுக்கு ஏ கூடினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து, அதனால் அவர்கள் இதை எடுக்க வேண்டாம். பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கும் ஒமேகா 3 மீன் எண்ணெய் வேறு சாமான். அது மீன் சதை எண்ணெய், அதில் விற்றமின் டி சொல்லும்படி இல்லை. இரண்டும் மஞ்சள் கப்ஸ்யூல், இரண்டிலும் மீன் படம்.

யார் செய்தது, யார் இறக்கியது

2013இல் அமெரிக்காவில் கடைகளில் விற்ற விற்றமின் டி குளிசைகளை வாங்கி உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். லேபலில் போட்ட அளவில் 9 வீதம் மட்டுமே இருந்த குளிசையும் இருந்தது, போட்டதைவிடக் கூடுதலாக இருந்ததும் இருந்தது. அமெரிக்கச் சாமான் என்ற ஒரே காரணத்துக்காக இரட்டிப்பு விலை கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே சத்து மருந்தை விற்க முன் அரசிடம் அனுமதி எடுக்கத் தேவையில்லை. அந்த நாட்டுப் போத்தலானால் யு.எஸ்.பி அல்லது என்.எஸ்.எஃப் முத்திரை இருக்கிறதா பாருங்கள், வெளியாள் ஒருவர் பரிசோதித்தார் என்று அர்த்தம். 'ஜி.எம்.பி' என்று போட்டிருப்பது தொழிற்சாலையைப் பற்றியது, உங்கள் கையிலிருக்கும் குளிசையைப் பற்றியது இல்லை.

இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. மருந்தாகப் பதிவு பெற்ற விற்றமின் டி இந்தியா, பங்களாதேஷ் போன்ற நாடுகளிலிருந்தும் வருகிறது, உள்ளூரிலும் செய்கிறார்கள். பெட்டி அழகாக இராது. ஆனால் யார் இறக்குமதி செய்தது, தொகுதி இலக்கம் என்ன, அதிகபட்ச சில்லறை விலை என்ன என்று பெட்டியிலேயே இருக்கும், பிரச்சினை வந்தால் பிடிக்க ஒரு ஆள் இருக்கிறார். பேஸ்புக்கில் படம் போட்டு விற்கும் போத்தலுக்கு அப்படி யாரும் இல்லை. கடையில் பெட்டியில் போட்ட விலைக்கு மேல் கேட்டாலோ விலையை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ நுகர்வோர் அதிகாரசபையின் இலக்கம் 1977.

ஸ்டிக்கர் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் வேலையை விட்ட பிறகு ஒரு கடையில் — பார்மசிகூட இல்லை — 'பாதி விலை' என்று ஒரு போத்தல் வாங்கினேன். வீட்டில் வந்து விலை ஸ்டிக்கரை நகத்தால் உரித்தால் அடியில் முடிவுத் திகதி, இன்னும் மூன்று கிழமை. உள்ளே நூறு குளிசை. ஐந்து வருடம் பார்மசியில் நின்றவனுக்கே இப்படி. அமெரிக்கப் போத்தலில் மாதம் முதல், நாள் பிறகு என்று எழுதுவார்கள் என்பதையும் ஞாபகம் வையுங்கள், 03/11 என்றால் அங்கே மார்ச் 11.

விலையை எப்படிக் கணக்குப் பார்ப்பது

போத்தல் விலையைப் பார்க்காதீர்கள், குளிசை எண்ணிக்கையையும் மட்டும் பார்க்காதீர்கள். உங்களுக்குத் தேவையான அளவு ஒரு நாளைக்கு எத்தனை ரூபாய் வருகிறது? அதுதான் விலை. கீழே வருபவை கணக்குக் காட்ட நானே போட்ட விலைகள், இன்றைய கடை விலை இல்லை. தேவை நாளுக்கு 1000 ஐ.யூ என்று வைப்போம்.

சாதாரண குளிசை, 1000 ஐ.யூ, 90 குளிசை, 2700 ரூபாய். நாளுக்கு 30 ரூபாய். வெளிநாட்டுப் போத்தல், 5000 ஐ.யூ, 120 கப்ஸ்யூல், 6600 ரூபாய். ஒன்று 55 ரூபாய், ஆயிரம் ஐ.யூவுக்குப் பார்த்தால் 11 ரூபாய்தான், ஆகா என்று இருக்கும். ஆனால் கப்ஸ்யூலை ஐந்தாக வெட்ட முடியாது. நாளுக்கு ஒன்று போட்டால் தேவையில்லாத 4000த்தையும் சேர்த்து 55 கொடுத்து விழுங்குகிறீர்கள். கம்மி, அறுபது 3600 ரூபாய், இரண்டுக்கு 800 ஐ.யூ: நாளுக்கு 120 ரூபாய், அப்படிக் கொடுத்தும் 1000 வரவில்லை. 500 மில்லிகிராம் கல்சியத்தோடு 250 ஐ.யூ சேர்ந்த குளிசை ஒன்று 22 ரூபாய், மலிவு போல இருக்கும். அதால் 1000 ஐ.யூ எடுக்க நாலு குளிசை வேண்டும், 88 ரூபாய். கூடவே 2000 மில்லிகிராம் கல்சியம் உள்ளே போகும், அது ஐம்பது தாண்டியவருக்குச் சாப்பாட்டையும் சேர்த்து மேல் எல்லையே. ஆக அந்தக் குளிசை கல்சியத்துக்காக வாங்க வேண்டியது, டிக்காக அல்ல.

அப்புறம் கிழமைக்கு ஒன்று போடும் 60,000 ஐ.யூ. ஒன்று 180 ரூபாய் என்றால் ஆயிரம் ஐ.யூ வெறும் மூன்று ரூபாய், இந்தக் கணக்கில் ஆக மலிவு இதுதான். டொக்டர் எழுதிய நல்ல மருந்துதான், இத்தனை கிழமை என்று எண்ணி எழுதுவார். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு ஆறு மாதம், ஒரு வருடம் என்று வாங்கிப் போடுபவர்களிடம்தான் பிரச்சினை. கிழமைக்கு 60,000 என்றால் நாளுக்கு 8500க்கு மேல். பெரிய அளவாக ஒரேயடியாகக் கொடுத்தால் நல்லது என்றும் இல்லை: அவுஸ்திரேலியாவில் எழுபது தாண்டிய 2256 பெண்களை வைத்து, வருடத்துக்கு ஒருமுறை ஐந்து இலட்சம் ஐ.யூ கொடுத்த ஆய்வு 2010இல் வந்தது. மருந்து எடுத்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், அதிகம் எலும்பு முறித்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு

கொழுப்போடு போட்டால்தான் நன்றாக உறிஞ்சும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு விழுங்குவதை விட, மத்தியானம் தேங்காய்ப்பால் சொதியும் மீன் குழம்பும் சாப்பிடுகிற நேரத்தில் போடுங்கள். இதுக்கென்று தனியாக எண்ணெய் குடிக்க வேண்டாம்.

அரிசிப் பானைக்கு மேலே, ஜன்னல் விளிம்பில், மோட்டர் சைக்கிள் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். பெரும்பாலான லேபலில் 30 பாகைக்குக் கீழே என்று இருக்கும், சித்திரை வைகாசியில் நம் வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டும். வீட்டில் குளிரான, இருட்டான அலுமாரியே போதும். கப்ஸ்யூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சூட்டில் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். பார்சலில் வந்த போத்தல் அப்படி இருந்தால் நான் போடமாட்டேன். கம்மியைப் பூட்டி வையுங்கள், பிள்ளைக்கு அது மருந்து இல்லை, மிட்டாய்.

கூடிப்போனால் எப்படித் தெரியும்? பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வயசாளி என்றால் தடுமாற்றமான பேச்சு. தாகமும் சிறுநீரும் என்றதும் சீனி கூடிவிட்டது என்று நினைத்து விடுவோம், அதனால் டொக்டரிடம் போகும்போது எல்லாப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். கிட்னிக் கல் வந்தவர், இதயத்துக்கு டிகொக்சின் போடுபவர், பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் போடுபவர் வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். குறைபாட்டுக்காக எடுப்பவர் மீண்டும் இரத்தம் பார்ப்பதானால் ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், அதுக்கு முன் பார்த்தால் காசு வீண்.

மாமியைக் கிளினிக்குக்கு நாலு போத்தலோடுதான் அனுப்பினேன். டொக்டர் 5000ஐயும் கம்மியையும் கொட் லிவரையும் நிறுத்திவிட்டு, இரத்தத்தில் கல்சியம் பார்க்க எழுதிக் கொடுத்தார், கல்சியம் குளிசையை ரிப்போட் வந்த பிறகு பார்ப்போம் என்றார். கட்டார் போத்தல் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. மகன் வீடியோ கோலில் கேட்டால் காட்ட வேண்டுமாம்.